டான் ஹட்சன்

டான் ஹட்சன் (டொனால்ட் மான்ட்கோமரி ஹட்சன், ஜனவரி 31, 1913 – ஜூன் 26, 1997) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். இவர் 1935 முதல் 1945 வரை 11 பருவங்கள் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காகத் தேசியக் காற்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்) ஆடினார். ரிசீவர் எனப்படும் பந்து பெறுநர் பணியை இன்றைய வடிவுக்குக் கொண்டு வந்தவராக இவர் கருதப்படுகிறார். இவர் ஓய்வு பெற்றபோது 488 பிடிகள், 7,991 கெஜங்கள், 99 டச்டவுன்கள் ஆகியவை இவர் பெயரில் இருந்தன. கடைசி எண்ணிக்கையை வேறொருவர் கடக்க 44 ஆண்டுகள் ஆயின. எனினும் இவரது சாதனைகளின் உண்மையான எடை என்ன என்பது குறித்து இன்றும் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

பந்து பெறுநர் என்பவர் யார்?

அமெரிக்கக் காற்பந்தாட்டம் பெயரளவிலேயே காற்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் கையால் எறிவதுமே இவ்வாட்டத்தின் அடிப்படை. அணிக்கு 11 பேர் ஆடுவர். ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். அதன் இரு முனைகளிலும் இறுதிப் பகுதிகள் உண்டு. எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். இதுவே டச்டவுன் எனப்படுகிறது. முன்னோக்கி எறியப்படும் பந்தை ஓடிச்சென்று பிடிப்பதே பந்து பெறுநரின் வேலை.

ஹட்சன் ஆட வந்த காலத்தில் பந்தை எறிவது ஓர் அவசர உத்தியாகவே பார்க்கப்பட்டது. பெரும்பாலான அணிகள் பந்தை ஏந்தி ஓடுவதையே நம்பியிருந்தன. 1933 வரை, தொடக்கக் கோட்டிற்கு 5 கெஜம் பின்னால் நின்றுதான் முன்னோக்கி எறிய வேண்டும் என்ற விதி இருந்தது. அவ்வாண்டு அவ்விதி தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு பந்தும் சற்று ஒல்லியாக்கப்பட்டதால் எறிவது எளிதாயிற்று. ஹட்சன் 1935 இல் வந்து சேர்ந்தார். காலம் இவருக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே விதியும் அதே பந்தும் லீக்கில் இருந்த எல்லா வீரர்களுக்கும் கிடைத்தன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இளமையும் கல்லூரிக் காலமும்

ஹட்சன் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் பிறந்தார். அலபாமாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது ஃபிராங்க் தாமஸ் என்ற பயிற்றுநரின் கீழ் ஆடினார். அணியின் மறுமுனையில் ஆடியவர் பால் பிரயன்ட். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராகி ஹட்சனுக்கு இணையான புகழ் பெற்றவர் இவரே. ஒல்லியான உடல்வாகும் விரைந்த ஓட்டமும் கொண்டிருந்ததால் ஹட்சனுக்கு அலபாமா மறிமான் என்ற பட்டப்பெயர் உண்டாயிற்று.

1934 பருவத்தில் அலபாமா அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1935 புத்தாண்டு நாளில் நடந்த ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு அணியை 29-13 என்ற கணக்கில் வென்றது. எறியப்பட்ட பந்துகளைப் பிடித்து அவ்வாட்டத்தில் 2 டச்டவுன்களை எடுத்த ஹட்சன் நாடு முழுவதும் அறியப்பட்டார்.

ஒப்பந்தச் சிக்கல்

அக்காலத்தில் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. அம்முறை 1936 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எந்த அணியும் எவருடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஹட்சன் கிரீன் பே பேக்கர்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆகிய இரு அணிகளின் ஒப்பந்தங்களிலும் கையொப்பமிட்டு விட்டார். லீக்கின் தலைவர் ஜோ கார், எந்த ஒப்பந்தத்தின் உறையில் முந்தைய அஞ்சல் முத்திரை உள்ளதோ அதுவே செல்லும் என்று தீர்ப்பளித்தார். கிரீன் பே அணியின் உறை 17 நிமிடங்கள் முந்தியிருந்ததாகச் சொல்லப்படுகிறது.

பந்து எறிவதில் பெரிதாக நம்பிக்கை வைத்திருந்த பயிற்றுநர்கள் அன்று மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் கிரீன் பே அணியின் கர்லி லாம்போ. எனவே ஹட்சன் புரூக்ளினுக்குப் போயிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது என்று கூறினாலும் மிகையாகாது.

கிரீன் பே அணியில்

1935 செப்டம்பர் 22 அன்று கிரீன் பே நகரில் சிக்காகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம் நடைபெற்றது. ஹட்சன் தொடக்க வீரராகக் களமிறங்கிய முதல் ஆட்டம் இது. சிக்காகோ வீரர்களின் கவனம் மறுபுறம் நின்ற ஜானி மெக்நாலி மீது இருந்தது. முதல் எறிவிலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தை ஹட்சன் பிடித்து 83 கெஜ டச்டவுனாக மாற்றினார். ஆட்டம் 7-0 என்று முடிந்தது. அதாவது அந்த ஒரு பிடியே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் சிக்காகோவில் நடந்த மறு ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பில் இருந்த அணியைக் கடைசி மூன்று நிமிடங்களில் 2 டச்டவுன்கள் எடுத்து 17-14 என்று வெல்ல வைத்தார்.

இதன் பின்னர் எதிரணிகள் இவரைக் காக்க ஒருவருக்குப் பதில் இருவரை, சில வேளைகளில் மூவரை நிறுத்தத் தொடங்கின. நேராக ஓடுவதுபோல் ஓடிச் சட்டென்று நின்று திரும்புவது, உள்ளே வெட்டுவதுபோல் காட்டி வெளியே விலகுவது போன்ற திட்டமிட்ட ஓட்டப் பாதைகளை ஹட்சன் வளர்த்தெடுத்தார். இன்று பள்ளி மாணவர்களுக்கும் கற்றுத்தரப்படும் இப்பாதைகளில் பலவற்றை உருவாக்கிய பெருமை பொதுவாக இவருக்கே அளிக்கப்படுகிறது.

இவர் காலத்தில் கிரீன் பே அணி 1936, 1939, 1944 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. இவற்றுள் 1944 இறுதி ஆட்டம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிரான அவ்வாட்டத்தில் ஹட்சன் ஒரு பக்கம் ஓட, தடுப்பாளர்கள் அவர் பின்னால் சென்றனர். காவலின்றி விடப்பட்ட டெட் ஃபிரிட்ச் பந்தைப் பிடித்து டச்டவுன் எடுத்தார். கிரீன் பே 14-7 என்று வென்றது. புள்ளிவிவர ஏட்டில் இந்த டச்டவுன் ஹட்சனின் கணக்கில் இல்லை.

மேலும், அக்காலத்தில் ஒரே வீரர்கள் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆட வேண்டியிருந்தது. ஒல்லியான ஹட்சன் தடுப்பு வரிசையின் முனையில் நின்று அடிபடுவதைத் தவிர்க்க, 1939 இல் வந்த லாரி கிரெய்க் அவ்விடத்தை ஏற்றார். ஹட்சன் பின்வரிசைக் காவலுக்கு மாற்றப்பட்டார். அங்கும் இவர் சோடை போகவில்லை. எதிரணியின் எறிவுகளை இடைமறித்துப் பிடிப்பதற்கு 1940 முதலே கணக்கு வைக்கப்பட்டது. அதன்படி இவர் 30 முறை இடைமறித்துள்ளார். இவற்றோடு உதைப்பாளராகவும் இருந்து 172 கூடுதல் புள்ளிகளையும் 7 ஃபீல்டு கோல்களையும் எடுத்தார். மொத்தப் புள்ளிகள் 823. 1945 அக்டோபர் 7 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே காற்பகுதியில் 4 டச்டவுன்கள், 5 கூடுதல் புள்ளிகள் என 29 புள்ளிகள் எடுத்தது இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையாகும்.

மதிப்பீடு

ஹட்சனின் சிறந்த பருவம் 1942 ஆகும். 11 ஆட்டங்களில் 74 பிடிகள், 1,211 கெஜங்கள், 17 டச்டவுன்கள். ஒரு பருவத்தில் 1,000 கெஜத்தைக் கடந்த முதல் வீரர் இவரே. இம்மூன்று கணக்குகளிலும் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தவர்கள் இவர் எடுத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. 17 டச்டவுன்கள் என்ற எண்ணிக்கையை 1951 இல் எல்ராய் ஹிர்ஷ் சமன் செய்தார். 1984 இல் மார்க் கிளேட்டன் 18 எடுத்த பின்னரே லீக்கில் அது கடக்கப்பட்டது.

இங்குதான் விமர்சனம் எழுகிறது. 1941 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அடுத்த பருவம் முதலே நூற்றுக்கணக்கான வீரர்கள் படைகளில் சேர்ந்தனர். 1943 இல் ஆளில்லாத காரணத்தால் பிட்ஸ்பர்க், பிலடெல்பியா அணிகள் ஒன்றாக இணைந்து ஆடின. கிளீவ்லாந்து அணி ஆடவே இல்லை. அவ்வாறு வலுக்குன்றிய லீக்கில் குவித்த எண்களை எப்படி ஏற்பது என்று கேட்போர் உள்ளனர். கேள்வி நியாயமானது.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும். போருக்கு முந்தைய 7 பருவங்களில் (1935-1941) ஹட்சன் 262 பிடிகளும் 53 டச்டவுன்களும் எடுத்தார். போர்க்காலத்தின் 4 பருவங்களில் (1942-1945) 226 பிடிகளும் 46 டச்டவுன்களும் எடுத்தார். பருவத்திற்குச் சராசரியாகப் பிடிகள் 37 இலிருந்து 56 ஆக உயர்ந்தன. ஆகவே போர் இவரது எண்களைப் பெருக்கியது என்ற வாதத்தை மறுக்க இயலாது. ஆனால் போர்க்காலத்தை முழுவதும் நீக்கிவிட்டாலும், முதல் 7 பருவங்களில் 4 முறை பிடிகளிலும், 6 முறை டச்டவுன்களிலும் லீக்கில் முதலிடம் பெற்ற ஒருவர் எஞ்சி நிற்கிறார். 1941 இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றதும் போருக்கு முந்தைய பருவத்திற்காகவே. (அவ்விருதை 1942 இலும் பெற்றார்.)

பந்து எறிபவரின் திறமையே இவரை உயர்த்தியது என்பது மற்றொரு வாதம். இது அவ்வளவு வலுவானதன்று. ஹெர்பருக்குப் பின் செசில் இஸ்பெல் எறிந்தார். அவர் 1942 உடன் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பிறகும், புதியவர்கள் எறிந்த 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிடிகளில் ஹட்சனே முதலிடம்.

மூன்றாவது குறை கணக்கால் தீர்க்க முடியாதது. 1933 பருவத்தில் ஜோ லில்லார்டு, ரே கெம்ப் ஆகிய இரு கறுப்பின வீரர்கள் லீக்கில் ஆடினர். அதன்பின் 1946 இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்க்கும் வரை ஒரு கறுப்பினத்தவர்கூட லீக்கில் இடம்பெறவில்லை. எழுதப்படாத அந்தத் தடையின் காலத்திற்குள் ஹட்சனின் 11 பருவங்களும் முழுமையாக அடங்கிவிடுகின்றன. தடையை ஏற்படுத்தியவர்கள் அணி உரிமையாளர்களே அன்றி ஹட்சன் அல்லர். ஆயினும் இவரை எதிர்த்து ஆடியிருக்கக் கூடியவர்களில், இவரோடு போட்டியிட்டிருக்கக் கூடியவர்களில் ஒரு பகுதியினர் களத்திற்கே வர விடப்படவில்லை. போர்க்கால எண்களைக் கழித்துப் பார்ப்பது போல இதைக் கழித்துப் பார்க்க வழியில்லை. இவரைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் போரைக் குறிப்பிடும் அளவுக்கு இதைக் குறிப்பிடுவதில்லை.

பிற்கால வீரர்களில் இவருடன் அடிக்கடி ஒப்பிடப்படுபவர் ஜெர்ரி ரைஸ். ரைஸ் 303 ஆட்டங்களில் 197 டச்டவுன்களைப் பிடித்தார். ஹட்சன் 116 ஆட்டங்களில் 99. ஆட்டத்திற்கு முறையே 0.65, 0.85 என்று வருகிறது. ஆனால் ரைஸ் எதிர்கொண்டது அனைவருக்கும் கதவு திறந்த, தடுப்பாட்டத்திற்கென்றே தனி வீரர்களைக் கொண்ட, பல மடங்கு விரிந்த லீக். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதைக் காட்டிலும், ஒவ்வொருவரும் தம் காலத்தவரை எவ்வளவு விஞ்சினர் என்று பார்ப்பதே பொருத்தம். ஹட்சன் பிடிகளில் 8 முறையும், கெஜங்களில் 7 முறையும், டச்டவுன்களில் 9 முறையும் லீக்கில் முதலிடம் பெற்றார். ரைஸ் டச்டவுன்களில் 6 முறை முதலிடம் பெற்றார். இந்த அளவுகோலின்படி, மேற்கண்ட குறைகள் அனைத்தையும் மனதிற்கொண்டாலும், ஹட்சனுக்கு இணை சொல்வது கடினம்.

பிற்காலம்

1942 க்குப் பிறகு ஹட்சன் பலமுறை ஓய்வை அறிவித்தார். ஒவ்வொரு முறையும் லாம்போ இவரைத் திரும்ப அழைத்து வந்தார். 1945 பருவத்துடன் உண்மையாகவே விலகினார். 1948 வரை உதவிப் பயிற்றுநராக இருந்தார். கிரீன் பேயில் பந்துருட்டு அரங்கு ஒன்றை நடத்தினார். பின்னர் விஸ்கொன்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் வாகன விற்பனையில் ஈடுபட்டு வெற்றி கண்டார்.

கிரீன் பே அணி 1951 இல் இவரது 14 ஆம் எண்ணை வேறெவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. அவ்வணி இவ்வாறு ஓய்வளித்த முதல் எண் இதுவாகும். 1963 இல் தொழில்முறைக் காற்பந்துப் புகழவை தொடங்கப்பட்டபோது முதல் 17 உறுப்பினர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1988 ஜனவரியில் சான் டியேகோ நகரில் நடந்த 22 ஆவது சூப்பர் பௌல் ஆட்டத்தில் நாணயம் சுண்டும் சிறப்பு இவருக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டில் சியாட்டில் அணியின் ஸ்டீவ் லார்ஜென்ட் தமது 100 ஆவது டச்டவுனைப் பிடித்து இவரது சாதனையைக் கடந்தார். எனினும் கிரீன் பே அணியின் அளவில் 99 என்ற எண்ணிக்கையை எவரும் நெருங்கவில்லை.

1994 இல் கிரீன் பே அணி தனது உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்திற்கு ஹட்சனின் பெயரைச் சூட்டியது. அதே ஆண்டு லீக்கின் 75 ஆம் ஆண்டு நிறைவு அணியில் இடம்பெற்றார். 1997 ஜூன் 26 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் ராஞ்சோ மிராஜ் நகரில் தமது 84 ஆவது வயதில் காலமானார். 2019 இல் அறிவிக்கப்பட்ட லீக்கின் நூற்றாண்டு அணியிலும் பந்து பெறுநர்களுள் ஒருவராக ஹட்சனின் பெயர் சேர்க்கப்பட்டது.