அண்டக்கதிர்களை எண்ணிய விக்ரம் சாராபாய்

டாக்டர் விக்ரம் சாராபாய் என்னும் பெயரைக் கேட்டவுடன் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் நம் நினைவுக்கு வருகின்றன. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான் 3 இன் தரையிறங்கு கலத்திற்கு விக்ரம் என்று பெயரிட்டிருந்தமையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அப்பெருமகனார் முனைவர் பட்டம் பெற்றதும், மாணாக்கர் பலரைப் பயிற்றி உருவாக்கியதும் அண்டக்கதிர் ஆய்வு என்னும் துறையிலேயாகும். ராக்கெட்டுக்கு முந்திய அந்தச் சாராபாயைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. அவருடைய ஆய்வில் நம் கொடைக்கானல் மலைக்கும் பங்குண்டு ஆதலின், இவ்விதழ் வாசகர்களுக்கு அதனை எடுத்துரைக்க விழைகின்றோம்.

1919 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள், அகமதாபாத் நகரில் துணியாலைத் தொழிலால் செழித்த சமண வணிகக் குடும்பத்தில் விக்ரம் தோன்றினார். தந்தையார் அம்பாலால், தாயார் சரளாதேவி. மக்கள் எண்மர். தந்தையாரின் தமக்கை அனசூயா அம்மையார், 1918 ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியடிகளோடு சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றவர். எதிர்ப்பக்கம் நின்ற ஆலை முதலாளிகளுள் உடன்பிறந்த அம்பாலாலும் ஒருவர். அவ்வாறிருந்தும் அக்குடும்பத்தில் அன்பு முறியவில்லை என்பது எண்ணி வியக்கத்தக்கது.

அம்பாலால் தம்பதியர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், மாண்டிசோரி அம்மையாரின் நெறியைத் தழுவி வீட்டிலேயே பள்ளி நடத்தினர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அந்நெறியை நாமும் ஏட்டில் படித்தோம், தேர்வும் எழுதினோம். அறுபது பிள்ளைகள் நெருங்கியமர்ந்த வகுப்பறையில் அதனை நடத்திக் காட்டுதல் எளிதன்று. செல்வர் வீட்டில் அது கைகூடிற்று. கையால் செய்து பார்த்துக் கற்கும் பழக்கம் விக்ரமுக்கு அங்கேதான் வேரூன்றியது என்பது எமது கருத்து. பிற்காலத்தில் தம் ஆய்வுக்கு வேண்டிய கருவிகளைக் கூடத்திலேயே செய்துகொள்ள அவர் தயங்காமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குஜராத் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் கற்றுத் தேறினார். இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை அடைந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் நம் திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. இராமன் ஆவார். போரின் காரணமாக இங்கிலாந்து திரும்ப இயலாமற்போன ஹோமி பாபாவும் அதே கழகத்தில் அண்டக்கதிர் ஆய்வில் ஈடுபட்டிருந்தார்.

அண்டக்கதிர் என்பது யாது? விண்வெளியிலிருந்து இடையறாது வந்து நம் வளிமண்டலத்தில் மோதும் அணுக்கருத் துகள்களே அவை. பெரும்பாலானவை புரோட்டான்கள். 1912 இல் விக்டர் ஹெஸ் என்பார் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறிச்சென்று, உயரம் மிகுந்தால் இக்கதிர்வீச்சும் மிகுகின்றது என்று கண்டார். அதனைப் புரிந்துகொள்ளப் பலூன் வேண்டுவதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறுவோர் தமக்கு மேலிருந்த காற்றில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைக் கீழே விட்டுவிட்டே செல்கின்றனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள அச்சேர்வராயன் மலையூரில் காற்றுப்போர்வை அத்துணை மெலிந்திருப்பதால், சேலத்தில் ஒரு கருவி எண்ணுவதைவிட அங்கே அதே கருவி மிகுதியாக எண்ணும். உதகையிலும் கொடைக்கானலிலும் இன்னும் மிகும். மலைகளை ஆய்வாளர் நாடியமைக்குக் காரணம் இதுவே.

அக்காலத்து எண்ணுங்கருவி கைகர் முல்லர் எண்ணி என்பது. கண்ணாடிக் குழாய், அதனுள் உலோக உருளை, நடுவே மெல்லிய கம்பி, குறைந்த அழுத்தத்தில் சிறிது வாயு; இவ்வளவே அதன் உறுப்புகள். துகள் ஒன்று ஊடுருவினால் மின்துடிப்பு ஒன்று தோன்றும். இத்தகைய குழாய்கள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே நொடியில் துடிப்பு எழுந்தால் மட்டுமே கணக்கில் கொள்ளுமாறு இணைப்பர். அப்போது அத்துகள் அவ்வடுக்கின் திசையில் வந்தது என்பது தெளிவு. வில்லையும் ஆடியும் இல்லாத இவ்வடுக்கினையும் இயற்பியலார் தொலைநோக்கி என்றே அழைக்கின்றனர். பெரும்பொருள் செலவின்றி ஆய்வுக்கூடத்திலேயே செய்துகொள்ளத்தக்க தொலைநோக்கி இது.

கருவி எளிது, கேள்வி எளிதன்று. அண்டக்கதிர்களின் வரத்து நாள் முழுதும் ஒரே சீராக உள்ளதா, அன்றிக் காலை, நண்பகல், மாலை என வேறுபடுகின்றதா என்பதே இளைஞர் விக்ரம் எடுத்துக்கொண்ட வினா. வேறுபாடு இருப்பினும் அது ஆயிரத்தில் சில பங்கே. இத்துணைச் சிறிய ஏற்றத்தாழ்வை அறிவதன் அருமையை ஒரு கணக்கால் விளக்குவோம். தற்செயலாக வரும் துகள்களை எண்ணுங்கால், ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியம் வேண்டுமாயின் பத்து இலட்சம் துகள்களை எண்ணியாக வேண்டும். சிறிய தொலைநோக்கி ஒன்று நிமிடத்திற்கு 10 துகள்களைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். பத்து இலட்சம் எண்ண 69 நாள்கள் ஆகும். ஆனால் நாளின் 24 மணிகளுள் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே பத்து இலட்சம் வேண்டுமே! அவ்வாறாயின் நான்கரை ஆண்டுகள் இரவுபகல் ஓயாது எண்ண வேண்டும். நடுவே மின்சாரம் தடைப்படுதல் கூடாது. குழாய் பழுதுபடுதல் கூடாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றழுத்தம் கூடினால் கதிர்களின் எண்ணிக்கை குறையும். வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் நாளொன்றுக்கு இருமுறை, காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும், கடலலைபோல் உயர்ந்து தாழ்கின்றது. எனவே காணப்பட்ட வேறுபாடு விண்ணிலிருந்து வந்ததா, நம் தலைக்கு மேலுள்ள காற்றினால் விளைந்ததா என்று பிரித்தறியாவிட்டால் ஆண்டுக்கணக்கான உழைப்பும் வீணாகும். இந்த ஐயமே சாராபாயின் ஆய்வு வாழ்வை நெடுங்காலம் இயக்கியது.

1942 ஆம் ஆண்டில் அண்டக்கதிர்களின் காலப்பரவல் பற்றிய அவருடைய முதற்கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் வளர்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி அம்மையாரை மணந்தார். அம்மையார் அம்மு சுவாமிநாதனின் மகள்; நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் இலட்சுமியின் தங்கை. போர் முடிந்ததும் சாராபாய் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டல அகலாங்குகளில் அண்டக்கதிர் ஆய்வு என்னும் பொருளில் ஆய்வேடு அளித்து 1947 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

திரும்பி வந்தவர் காலந்தாழ்த்தவில்லை. 1947 நவம்பர் 11 அன்று இயற்பியல் ஆய்வுக்கூடம் அகமதாபாத்தில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை; மகாத்மா காந்தி அறிவியல் கழகத்தின் அறைகள் சிலவற்றில் பணி நடந்தது. அப்போது அவருக்கு வயது 28. தாமே இயக்குநராக அமராமல், வானிலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய பாலக்காட்டுக் கல்பாத்தி இராமநாதனை முதல் இயக்குநராக அமர்த்தினார். தம்மினும் இருபத்தாறு வயது மூத்தவரை முன்னிறுத்தித் தாம் பின்னிற்பது இளமையில் எல்லார்க்கும் வருவதன்று. அன்றியும், காற்றை அறிந்தவர் அருகில் இருந்தால்தான் கதிரைக் காற்றினின்றும் பிரிக்க இயலும்.

அகமதாபாத்தோடு கொடைக்கானல், திருவனந்தபுரம், கஷ்மீரத்துக் குல்மார்க் ஆகிய இடங்களிலும் பதிவு நிலையங்கள் அமைந்தன. கொடைக்கானல் 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. திருவனந்தபுரம் கடல்மட்டத்தில் உள்ளது. இரண்டும் புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ளன. புவியின் காந்தப்புலம் ஒரு சல்லடை போன்றது. ஆற்றல் குறைந்த துகள்களை அது விலக்கிவிடும். துருவங்களில் அச்சல்லடையின் கண் பெரிது. தென்னிந்தியப் பகுதியிலோ உலகிலேயே மிக நுண்ணிய கண். வலிமை மிக்க துகள்களே இங்குப் புக முடியும். பிற நாட்டார் பெரும்பொருள் செலவிட்டாலும் பெறவியலாத இவ்வடிகட்டியை இயற்கை நமக்கு விலையின்றித் தந்திருக்கின்றது. சாராபாயின் கூர்த்த மதி இதனைக் கண்டுகொண்டதையே நாம் பெரிதும் போற்றுகின்றோம். பின்னாளில் ராக்கெட் ஏவத் தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இக்காந்த நடுக்கோட்டின் பொருட்டே.

பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து விடை மெல்ல வெளிப்பட்டது. காற்றின் விளைவைக் கழித்த பின்னும் நாள்தோறும் ஓர் ஏற்றத்தாழ்வு எஞ்சிற்று. அதன் உச்சம் எல்லா ஆண்டுகளிலும் ஒரே மணியில் நிற்கவில்லை. கதிரவனின் மாற்றங்களோடு அதுவும் இடம்பெயர்ந்தது. ஆகவே கதிரவனிலிருந்து ஏதோ ஒன்று இடையறாது வெளிப்பட்டு, புவிக்கு அப்பாலும் பரந்து அண்டக்கதிர்களின் பாதையை மாற்றுகின்றது என்பது பெறப்பட்டது. அதனை இன்று கதிரவக் காற்று என்கின்றோம். 1962 இல் மாரினர் 2 விண்கலம் அதனை நேரில் அளந்தது. சாராபாயிடம் பயின்ற யு. ஆர். ராவ் அமெரிக்கா சென்று அக்கலத்தின் பதிவுகளை ஆராய்ந்தவர். 1975 இல் ஆரியபட்டா செயற்கைக்கோளைச் செய்து முடித்த குழுவின் தலைவரும் அவரே.

எஞ்சிய வரலாறு பலரும் அறிந்ததாகலின் சுருங்கக் கூறுவோம். 1962 இல் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு சாராபாயின் தலைமையில் அமைந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. 1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் இவர்மேல் வந்தது. அணுகுண்டு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வதால் மட்டும் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்று அப்பதவியில் இருந்துகொண்டே வெளிப்படையாகக் கூறியவர் அவர். அதற்காக எழுந்த எதிர்ப்பையும் தாங்கினார். அகிம்சையைக் குலநெறியாகக் கொண்ட நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இத்தனை பொறுப்புகளுக்கு நடுவிலும் அகமதாபாத் மாணாக்கரின் அண்டக்கதிர் ஆய்வுக்கு வழிகாட்டுவதை அவர் விடவில்லை. ஓய்வறியா உழைப்பு உடலை அரித்தது போலும். 1971 டிசம்பர் 30 அன்று, தும்பாப் பணிகளைக் காணச் சென்றிருந்தபோது, கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 52.

சாராபாய் எண்ணியவை ஏராளமாக வரும் கதிர்கள். இவற்றின் மறுகோடியில் மிக அரியவையும் உள. 1-ஐ அடுத்து 20 சுழிகள் இட்ட அளவு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய துகள், ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று என்னும் அளவிலேயே வரும். அத்தகைய ஒன்றை 1962 இல் ஜான் லின்ஸ்லி என்பார் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவு செய்தார். 1991 அக்டோபர் 15 அன்று யூட்டா பாலைவனத்தில் பதிவானது அதனினும் பெரிது. மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் எறிந்த கிரிக்கெட் பந்தின் ஆற்றல் முழுதும் ஒரே ஓர் அணுத்துகளில் அடங்கியிருந்தது.

அதனைக் கண்டமுறை புதுமையானது. அத்தகைய துகள் காற்றில் மோதிக் கோடிக்கணக்கான துகள்களாகப் பொழியுங்கால், வழியிலுள்ள நைட்ரஜன் மெல்லிய புறஊதா ஒளியை உமிழும். இதனை உடனொளிர்தல் என்பர். நம் வீட்டுக் குழல்விளக்கின் வெண்பூச்சு ஒளிர்வதும் இவ்வகையே. பெரிய ஆடிகளால் அவ்வொளியைத் திரட்டினால் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொழிவும் தெரியும். ஆனால் நிலவில்லாத, மேகமில்லாத இரவு வேண்டும். மழைக்காலத்தில் எதிரே வருபவர் முகமும் தெரியாவண்ணம் மூடுபனி கவியும் ஏற்காடு அதற்கு ஏற்றதன்று. அடிவாரத்துச் சேலத்தின் விளக்கொளி வேறு. எனவே இத்தொலைநோக்கிகளை யூட்டாவிலும் அர்ஜென்டினாவின் வறண்ட சமவெளியிலும் நிறுவியுள்ளனர்.

அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காக்கும் பியர் ஓஜே ஆய்வகத்தின் ஒவ்வொரு தொலைநோக்கியிலும் 440 ஒளியுணர் குழாய்கள் உள. அவ்வளவு செலவில் இன்னும் பெரும்பரப்பைக் காக்கவியலாது. ஆதலின் அதே அகன்ற வானப்பகுதியை நான்கே நான்கு பெரிய குழாய்களால் நோக்கும் ஃபாஸ்ட் என்னும் மலிவான தொலைநோக்கியைப் பல நாட்டு அறிஞர் கூடி வடிவமைத்தனர். அதன் மாதிரிகளை யூட்டாவிலும் அர்ஜென்டினாவிலும் நிறுவிச் சோதித்து வருகின்றனர். காட்சி மங்கலாயினும், பலவற்றைத் தொலைவில் தொலைவில் நிறுத்தினால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும்.

நம் உதகையிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரின் அண்டக்கதிர் ஆய்வகம் உள்ளது. கோலார் தங்கச்சுரங்கத்தின் ஆழத்தில் வேறோர் ஆய்வுக்காகப் பயன்பட்ட 6 மீட்டர் நீள இரும்புக் குழாய் எண்ணிகளைக் கொண்டுவந்து, 3,712 குழாய்களை அங்கே அடுக்கியுள்ளனர். 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேல் ஓர் இடிமேகம் கடந்தபோது, அக்குழாய்களின் எண்ணிக்கை சிறிது குறைந்தது. அக்குறைவைக் கொண்டே அம்மேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று கணித்து, 2019 இல் வெளியிட்டனர்.