எட்டு எழுத்தை விலைக்கு வாங்கியவர்

கும்பகோணத்தில் இருந்து மன்னார்குடி வழியாகப் போனால் திருத்துறைப்பூண்டி வரும். எஸ்.எஸ்.வாசன் பிறந்த ஊர் அதுதான். சீனிவாசன் என்பது அவர் பெயர். நான்கு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் கஷ்டப்பட்டு வளர்த்தார். மகன் படிக்கணும் என்று சென்னைக்குக் கூட்டிப் போனார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் வாசனால் படிப்பை முடிக்க முடியவில்லை.

அப்புறம் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார். சாமான்களைத் தபாலில் அனுப்பி விற்கும் வியாபாரமும் செய்தார். அதற்கு அவர் விளம்பரம் கொடுத்த பத்திரிகைகளில் ஒன்று ஆனந்த விகடன். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் ஆரம்பித்த மாதப் பத்திரிகை அது. பணக் கஷ்டத்தால் நின்று போகிற நிலைமைக்கு வந்துவிட்டது. 1928-ல் வாசன் அதை விலைக்குக் கேட்டார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று பேச்சு. எண்ணிப் பாருங்கள், புள்ளி எழுத்தையும் சேர்த்து எட்டு எழுத்து. மொத்தமே 200 ரூபாய்தான்!

நொடித்துப் போன பத்திரிகையை யாராவது வாங்குவார்களா? வாசனுக்கு விளம்பரத் தொழில் தெரியும். நிறையப் பேர் படித்தால்தான் விளம்பரம் வரும். அதனால் சிரிப்பு, தொடர்கதை, குறுக்கெழுத்துப் போட்டி என்று ஜனங்களுக்குப் பிடித்ததை எல்லாம் கொடுத்தார். நம் காவிரிக்கரையில் பிறந்த கல்கியை எழுத வைத்தார். மாலியைப் படம் போட வைத்தார். மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகை ஆனது.

பிறகு தீப்பிடித்து எரிந்த ஒரு ஸ்டுடியோவை ஏலத்தில் எடுத்தார். அதுதான் ஜெமினி ஸ்டுடியோ. 1948-ல் அவர் எடுத்த சந்திரலேகா படத்துக்கு ஏறக்குறைய 30 லட்ச ரூபாய் செலவு. சொத்தையே அடகு வைத்தார். தமிழில் போட்ட பணம் திரும்பவில்லை. வாசன் ஒடிந்து உட்காரவில்லை. அதே வருஷம் இந்தியிலும் எடுத்து வடநாடு முழுக்க ஓட்டினார், ஜெயித்தார்.

1969-ல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் காலமானார். அவருடைய விகடன் நிறுவனமே 2005-ல் நாணயம் விகடன் என்ற தொழில் பத்திரிகையை ஆரம்பித்தது. பெரிய கம்பெனி நிர்வாகிகளுக்கென்று எத்தனையோ பத்திரிகைகள் வருகின்றன. அவற்றில் படிக்க வேண்டிய பாடம் வாசன் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மற்றவர்கள் வேண்டாம் என்று கைவிட்டதை அவர் இரண்டு தடவை எடுத்து நிமிர்த்தினார்.

தோழிகளே, வீட்டுக் கஷ்டத்தால் படிப்பு நின்றுவிடுமோ என்று நம்மில் சிலருக்குப் பயம் இருக்கிறது. முடிந்தவரை படிப்போம். தடை வந்தாலும் நம் வாழ்க்கை அதோடு முடிந்துவிடாது.