தம் படைப்பைத் தாமே காத்த செர்வாண்டிஸ்

ஓர் ஆசிரியர் படைத்த பாத்திரம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குச் சட்டம் விடைகூறத் தொடங்கும் முன்னரே, எழுதுகோலால் விடை கண்டவர் ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனாகிய மிகேல் தெ செர்வாண்டிஸ் ஆவார்.

1547ஆம் ஆண்டு அல்காலா தெ எனாரெஸ் என்னும் ஊரில், வறுமையில் உழன்ற மருத்துவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1571இல் லெபாந்தோ கடற்போரில் காயமுற்று இடக்கையின் செயலை இழந்தார். 1575இல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸ் நகரில் ஐந்தாண்டுகள் அடிமையாகக் கிடந்தார். மீட்புப் பணம் செலுத்தப்பட்டு 1580இல் விடுதலை பெற்றபின், கடற்படைக்குத் தானியம் திரட்டுபவராகவும் வரி தண்டுபவராகவும் அலைந்தார். கணக்குச் சிக்கலால் 1597இல் செவில் நகரச் சிறையையும் கண்டார்.

இத்தகைய வாழ்வின் விளைவாக 1605இல் மாட்ரிட் நகரில் வெளிவந்ததே 'டான் குவிக்ஸாட்' முதற்பாகம். அந்நாளில் ஒருவர் எழுதிய வீரகதைக்கு மற்றொருவர் தொடர்ச்சி எழுதுவது வழக்கமாக இருந்தது. அமதிஸ் என்னும் வீரனின் கதை மகன், பேரன் என வழிவழியாகப் பெருகியது. கதைத்தலைவரின் நூலகத்தை ஆராயும் பாதிரியார், அமதிஸ் நூலைக் காத்து, மகனின் கதையைத் தீக்கு அனுப்புவதாகச் செர்வாண்டிஸ் எழுதினார். ஆயினும், தம் கதையை வேறொருவர் இன்னும் சிறப்பாகப் பாடலாம் என்னும் குறிப்புடனேயே அப்பாகத்தை முடித்தார்.

நூலை அச்சிடும் உரிமை அக்காலத்தில் அரசாணையால் வழங்கப்பட்டது. செர்வாண்டிஸ் பெற்ற ஆணை பத்தாண்டுகளுக்கும், காஸ்டீல் எல்லைக்கு மட்டும் உரியது. அதனையும் பிரான்சிஸ்கோ தெ ரோப்லெஸ் என்னும் நூல் வணிகருக்கு அவர் விற்றிருந்தார். அதே ஆண்டில் லிஸ்பன் நகரில் இசைவின்றிப் பதிப்புகள் தோன்றின. அச்சுக்கு ஓரளவேனும் காவல் இருந்தது, பாத்திரத்துக்கோ அதுவுமில்லை.

1613இல் இரண்டாம் பாகம் வரும் என அறிவித்த செர்வாண்டிஸ், அடுத்த ஆண்டே பேரதிர்ச்சிக்கு ஆளானார். அவெயானேதா என்னும் புனைபெயரினர் அப்பாகத்தைத் தாமே வெளியிட்டார். மூலவரின் முதுமையையும் ஊனத்தையும் முன்னுரையில் இகழ்ந்ததோடு, அவருக்கு வரவேண்டிய வருவாயைப் பறிப்பதாகவும் தயங்காது எழுதினார். காதலைத் துறந்த வீரரை மனநோய் இல்லத்தில் அடைத்து அக்கதை முடிந்தது.

வறியவரான முதியவருக்கு வழக்காட மன்றமில்லை, எழுதுகோலே எஞ்சியது. 1615இல் வெளிவந்த தம் இரண்டாம் பாகத்துக்குள் அப்போலி நூலையே அவர் இழுத்து வந்தார். சத்திரமொன்றில் டான் குவிக்ஸாட் அந்நூலைப் பற்றிக் கேள்வியுறுகிறார். அதனைப் பொய்யாக்கவே சரகோசா செல்லாது பார்சிலோனாவுக்குத் திரும்புகிறார். போலி நூலின் பாத்திரமான ஆல்வரோ தார்ஃபேயும் வந்து, தாம் முன்னர் அறிந்தவர் இவரல்லர் என ஊர் அதிகாரி முன் உறுதிமொழி அளிக்கிறார். பிறர் பாத்திரத்தைக் கவர்ந்தவரின் பாத்திரமே மூலவருக்குச் சாட்சியாகிறது! இறுதியில் கதைத்தலைவர் இறக்கிறார். இனி எவரும் அவரைப் பொய்யாக உயிர்ப்பிக்காதவாறு அவ்விறப்புக்கு எழுத்தர் சான்று தருகிறார்.

1616 ஏப்ரல் 22ஆம் நாள் செர்வாண்டிஸ் மறைந்தார். ஸ்பெயினில் தனி அச்சுரிமை ஆசிரியருக்கே உரியது என அரசாணை பிறந்தது 1763இல்தான். பிறர் கதையைத் தொடர்வது குற்றமன்று. இலக்கிய மரபின் பெரும்பகுதி அவ்வாறே வளர்ந்தது. படைத்தவர் உயிரோடிருக்க, அவரை இகழ்ந்து அவரது உழைப்பின் பயனைக் கவர்வதே குற்றம். அவெயானேதா யாரென்று இன்றும் துணியப்படவில்லை. அவர் நூல் நினைக்கப்படுவதும் செர்வாண்டிஸின் வரலாற்றை ஒட்டியே. உரிமைச் சட்டம் காக்காத படைப்பைப் படைப்பாற்றலே காத்தது.