உள்ளத்தை அளந்த ரிவர்ஸ்

மலையை அளப்பார் உளர். கடலின் ஆழத்தை அளப்பாரும் உளர். பிறர் உள்ளத்தை அளத்தலோ அரிது. ஆங்கு அளப்போனுடைய விருப்பு வெறுப்புகளும் அளவுகோலோடு கலந்து விடும். இவ்விடரை உணர்ந்து உளநூலாராய்ச்சிக்கு நெறி வகுத்தோருள் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்பார் ஒருவர். நமது நீலமலையில் அவர் பணி புரிந்தமையின், அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1893-இல் கேம்பிரிட்ஜில் ஐம்பொறியுணர்வு பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரானார். 1898-இல் ஹாடன் தலைமையில் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற குழுவில் அவரும் சேர்ந்தார். தீவினர் கண்கள் ஐரோப்பியர் கண்களினும் பன்மடங்கு கூரியன என்பது அக்காலத்தார் பலர் கொள்கை. ரிவர்ஸ் அதனைக் கேட்டு அமைந்திலர், அளந்து பார்த்தார். கூர்மையில் பெருவேறுபாடு இல்லை என்றும், நுண்பொருளைக் கவனிக்கும் பயிற்சியே அவர்க்குத் துணையாயிற்று என்றும் கண்டார்.

1901-1902-இல் நீலமலையிற் றோடரிடையே தங்கினார். அந்நாளில் தோடர் ஏறக்குறைய 800 பேரே. அவருள் 500-க்கு மேற்பட்டோரின் நிறக்காட்சியை அவர் சோதித்தார். நால்வரைக் கண்டு நாட்டாரைப் பற்றி முடிவு கூறும் குற்றம் அவர்பால் இல்லை. ஆடவருள் 100-க்குச் சுமார் 13 பேர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாமை தெரியவந்தது.

சமமான இரு கோடுகளின் முனைகளில், ஒன்றில் உள்நோக்கியும் மற்றொன்றில் வெளிநோக்கியும் சிறகுகள் இட்டால், நீளம் வேறுபட்டதுபோல் தோன்றும். இத்தோற்றத்தில் தோடர் ஆங்கிலேயரினும் குறைவாகவே மயங்கினர். நிலைக்கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடுங்கால் மிகுதியாக மயங்கினர். ஆகவே ஒரு சோதனை கொண்டு ஒரு மக்களை உயர்ந்தோர் என்றோ தாழ்ந்தோர் என்றோ கூறுதல் ஒவ்வாது.

இறந்தோர் பெயரைச் சுற்றத்தார் சொல்லலாகாது என்பது தோடர் வழக்கம். ஆதலின் குடிவழிகளைப் பிற குலத்தாரிடம் கேட்டறிந்து, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டார். எனினும், மறைபொருள்களை அவர்க்கு வெளியிட்ட சிலர்க்குத் துன்பங்கள் நேர்ந்தன. தோடர் அவற்றைத் தெய்வங்களின் சினம் என்றனர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை கொண்டே முன்னது பின்னதற்குக் காரணம் எனல் முறையன்று என நாம் கூறலாம். ஆயினும் அவர்கள் உற்ற அச்சம் பொய்யன்று. ஆராய்வோன் கேட்கும் கேள்விக்கு விலை கொடுப்போர் பிறர் என்பதை ரிவர்ஸ் தமது 1906-ஆம் ஆண்டு நூலில் மறையாது எழுதினமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாம்.

பின்னர் மதுவும் காப்பியின் சத்தும் தசைச்சோர்வை எங்ஙனம் மாற்றும் என ஆராய்ந்தார். மருந்துண்டோம் என்னும் எண்ணமே வலிமை தருதல் கூடும் அன்றோ? அதனால் மருந்துள்ள கலவையையும் இல்லாத கலவையையும் சுவையால் அறியவொண்ணாதபடி அமைத்து, இரண்டையும் மாறிமாறி உட்கொள்ளச் செய்தார். சிறிதளவு மது வலிமை பெருக்கும் என்னும் முந்தைய முடிவுகள் இச்சோதனையின் முன் நில்லாவாயின. இவ்வாராய்ச்சி 1908-இல் நூலாயிற்று. இன்று மருந்துச் சோதனைகள் பலவும் இந்நெறியையே பற்றி நிற்கின்றன.

முதல் உலகப் போரில் உள்ளம் உடைந்த வீரர்க்கு ஸ்காத்லாந்து மருத்துவமனையில் பரிவோடு மருத்துவம் செய்தார். கவிஞர் சசூன் அவருள் ஒருவர். 1922-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ரிவர்ஸ் உயிர்நீத்தார்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. ஆண்டு வாழும் மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பர். சமவெளியில் வாழும் நாமோ, அவர்தம் அறிவைப் பற்றி அளவாமலே முடிவு கூறிவிடுகின்றோம். உளநூல் பயிலும் நம் நண்பர்கள் வினாத்தாளோடு அம்மலை ஏறுவராயின், சந்தையிற் கண்ட சிலரோடு அமையாது ஊர்தோறும் செல்க. சராசரியோடு வேறுபாட்டையும் குறிக்க. விடை தருவோர் விருப்பத்தை முதற்கண் கேட்க. தம் கருத்துக்கு மாறான எண் வந்துழி அதனை அழியாது எழுதுக. ரிவர்ஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.