லூர்து நகரின் ஏழை மகள்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், காவ் ஆற்றங்கரையில் உள்ளது லூர்து என்னும் சிறு நகரம். பாறைமேல் ஓங்கி நிற்கும் பழைய கோட்டையே முன்னாளில் அவ்வூரின் அடையாளம். இன்றோ ஓர் ஏழைச் சிறுமியின் பெயரால் உலகம் அவ்வூரை அறியும். அவளே புனித பெர்னதெத்.

1844-ம் ஆண்டு ஜனவரி 7-ம் நாள், ஓடைநீரால் ஓடும் மாவு ஆலையொன்றில் மூத்த மகளாகப் பிறந்தாள். தந்தை பிரான்சுவா சுபிரூவின் தொழில் நொடித்தது. 1857-ல் பெற்றோரும் நான்கு பிள்ளைகளும், சுகக்கேடு கருதிக் கைவிடப்பட்ட பழைய சிறைச்சாலையின் ஓர் இருட்டறையில் குடியேறினர். அவளை ஆஸ்துமா வாட்டியது. 14 வயதாகியும் எழுத்தறியாள், புதுநன்மையும் வாங்கவில்லை.

1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கச் சென்ற அவளுக்கு, மசபியேல் கெபியில் தேவ அன்னை காட்சி தந்தார்கள். ஜூலை 16 வரை 18 காட்சிகள். பிப்ரவரி 25-ல் அன்னை காட்டிய இடத்தைக் கைகளால் தோண்டினாள். சேற்றுநீர் ஊறி, பின் தெளிந்த சுனையாயிற்று. போலீஸ் அதிகாரி மிரட்டினார், பலர் நகைத்தனர். பங்குத்தந்தை பெய்ரமால் சுவாமியோ, பெயரைக் கேட்டு வரும்படி பணித்தார். மார்ச் 25-ல், அமல உற்பவம் என்ற பெயரைப் பொருள் விளங்காமலே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்து அறிவித்தாள். 1854-ல் பாப்பரசர் 9-ம் பத்திநாதர் பிரகடனம் செய்த மறையுண்மை அது! சுவாமியார் திகைத்து நின்றார். நீண்ட விசாரணைக்குப் பின், 1862 ஜனவரி 18-ல் ஆயர் லோரான்ஸ் ஆண்டகை காட்சிகளை உண்மையென அறிவித்தார்.

குடும்பம் வறுமையில் வாடியும், நீட்டிய பணத்தை அவள் தொடவில்லை. 1866 மே மாதம் கெபிக்கு மேல் கட்டிய முதல் சிற்றாலயத்தின் திறப்பு விழாவில் கலந்துகொண்டாள். ஜூலையில் நெவேர் நகரக் கன்னியர் மடம் புகுந்தாள். பிறகு லூர்து திரும்பவேயில்லை.

சகோதரி மரி-பெர்னார் என்ற பெயருடன், நோயாளிகளுக்குப் பணி செய்தும், தாமே நோயுற்றும் அங்கு மறைந்து வாழ்ந்தார். 1876-ல் லூர்து பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்ட போதும் மடத்திலேயே இருந்தார். 1879 ஏப்ரல் 16-ல், 35-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1933 டிசம்பர் 8-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். அவரது திருவுடல் நெவேரில்தான் உள்ளது.

லூர்து செல்வோர் அந்த ஆலையையும் இருட்டறையையும் இன்றும் காணலாம். அவர் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி பங்கு ஆலயத்தில் உள்ளது. பேராலயம் எழக் காரணமானவர் அதைக் காணாமலே மறைந்தார். நம் ஆலயத்திற்கும் கல்சுமந்து, நிறைவைக் காணாமல் கண்மூடிய ஏழை எளியோர் உண்டு. இந்த ஜூபிலி ஆண்டில் அவர்களையும் நம் செபத்தில் நினைவுகூர்வோமாக.