5 கோல் அடித்தவர் பெரியவரா, பந்தைக் கொடுத்தவரா? ஹாக்கி மேதை கே.டி.சிங் பாபுவின் கதை

ஹாக்கி மேட்ச் முடிஞ்சதும் நாம் முதலில் கேட்பது என்ன? யார் கோல் போட்டது என்றுதான். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது செல்போனில் ஸ்கோர் பார்த்தாலும், நம் கண் தேடுவது கோல் அடித்தவர் பெயரைத்தான். அந்தப் பந்தைப் பறித்தவர் யார், கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படி இரண்டு வேலையையும் செய்தவர்தான் கே.டி.சிங் பாபு. இந்தியாவுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த அணிகளில் ஆடியவர். ஆனால் தயான்சந்த், பல்பீர் சிங் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம்ம ஊரில் தெரியாது. ஏன்?

யார் இந்த பாபு?

முழுப் பெயர் குன்வர் திக்விஜய் சிங். 1922 பிப்ரவரி 2-ம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் பிறந்தவர். நல்ல ஃபார்மில் இருக்க வேண்டிய வயதில் உலகப் போர் வந்துவிட்டது. 1940, 1944 ஒலிம்பிக் இரண்டுமே ரத்து. முதல் ஒலிம்பிக்கில் ஆடும்போது பாபுவுக்கு வயது 26.

அதற்கு முன்பே 1947-ல் தயான்சந்த் தலைமையில் கிழக்கு ஆப்பிரிக்கா போன இந்திய அணியில் பாபு இருந்தார். அந்தப் பயணத்தில் 70 கோல் போட்டார். அணியிலேயே அதிகம் அவர்தான். இதை மனசில் வச்சுக்கங்க. கோல் அடிக்கத் தெரியாதவர் அல்ல பாபு.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் துணை கேப்டன். சுதந்திர இந்தியாவின் முதல் தங்கம் அது. இறுதிப் போட்டியில் பிரிட்டனை 4-0 என வீழ்த்தியது இந்தியா.

அவருடைய வேலை என்ன?

அந்தக் கால ஹாக்கியில் முன்வரிசையில் ஐந்து பேர். பின்னால் மூன்று ஹாஃப் பேக், இரண்டு ஃபுல் பேக், ஒரு கோல்கீப்பர். முன்வரிசை ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிப்பதுதான் அவர் முதல் வேலை. அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் இன்சைட் ஃபார்வர்டுகள். பாபு ஆடியது அந்த இடத்தில்.

இன்சைட் ஃபார்வர்டுக்கு ரெட்டை வேலை. பின்னால் இறங்கி ஹாஃப் பேக்கிடம் பந்தை வாங்க வேண்டும். எதிரணி ஆட்களை ஏமாற்றிக் கடந்து சென்டர் ஃபார்வர்டுக்குத் தோதாகக் கொடுக்க வேண்டும். பந்து பறிபோனால் திரும்ப ஓடிவந்து மறிக்கவும் வேண்டும். மைதானத்தில் அதிகம் ஓடுபவர் அவர்தான். ஸ்கோர் ஷீட்டில் பெயர் குறைவாக வருவதும் அவருக்குத்தான்.

பந்தை ஸ்டிக்கோடு ஒட்டிவைத்தது போல உருட்டிச் செல்வதிலும், சரியான நேரத்தில் பாஸ் கொடுப்பதிலும் பெயர் எடுத்தவர் பாபு.

ஹெல்சின்கியில் நடந்தது என்ன?

1952 ஒலிம்பிக்கில் பாபு கேப்டன், பல்பீர் சிங் துணை கேப்டன். மெட்ராஸைச் சேர்ந்த கோல்கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸும் அந்த அணியில் இருந்தார்.

ஆஸ்திரியாவை 4-0, பிரிட்டனை 3-1, இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என வென்றது இந்தியா. பிரிட்டனுக்கு எதிரான மூன்று கோலும் பல்பீர் போட்டது. இறுதிப் போட்டியில் பல்பீர் 5, பாபு 1. ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கி இறுதிப் போட்டியில் ஒரே ஆள் அடித்த அதிக கோல் அதுதான். அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை.

கோல் கணக்கை மட்டும் பார்த்தால் தீர்ப்பு சுலபம். 13 கோலில் 9 பல்பீருடையது. ஆனால் அதே ஸ்கோரில் இன்னொரு எண்ணும் இருக்கு. மூன்று போட்டியிலும் சேர்த்து இந்தியா வாங்கிய கோல் வெறும் 2. அது டிஃபெண்டர்களும் கோல்கீப்பரும் மட்டும் செய்த வேலை அல்ல. முன்வரிசை ஆட்கள் பந்தைக் கையில் வைத்திருக்கும்வரை எதிரணி கோல் அடிக்க முடியாதே.

1953-ல் அமெரிக்காவின் ஹெல்ம்ஸ் கோப்பை பாபுவுக்குக் கிடைத்தது. ஆசியாவின் சிறந்த விளையாட்டு வீரருக்கான கௌரவம் அது. பல்பீருக்கு 1957-ல் பத்மஸ்ரீ, பாபுவுக்கு 1958-ல் பத்மஸ்ரீ. நேரில் பார்த்தவர்கள் இருவரையும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் வைத்தார்கள். காலம் போகப் போக எண்கள் மட்டும் மிஞ்சியதால், ஒருவர் மட்டும் நினைவில் நின்றார்.

இன்றைக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்றது. மொத்தம் 15 கோல். அதில் 10 கோல் கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங் அடித்தது. அவர் ஃபார்வர்டே இல்லை, டிஃபெண்டர்! எல்லாமே பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் மூலம் வந்தவை. அந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை, வட்டத்துக்குள் புகுந்து எதிரணியைத் தவறு செய்யவைக்கும் ஃபார்வர்டுகளால் கிடைப்பவை. கணக்கில் அவர்கள் பெயர் வராது.

அதே ஒலிம்பிக் காலிறுதி ஞாபகம் இருக்கா? பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்கு ரெட் கார்டு. மிச்சம் சுமார் 43 நிமிடம் 10 பேரோடு ஆட வேண்டிய நிலை. ஃபார்வர்டுகளும் இறங்கிவந்து மறித்தார்கள். 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என இந்தியா ஜெயித்தது.

அப்போ எப்படி ஒப்பிடுவது?

மூன்று விஷயம் பாருங்க. முதலில், அவர் ஆடும் இடம் எது? சென்டர் ஃபார்வர்டையும் இன்சைட் ஃபார்வர்டையும் ஒரே எண்ணால் அளக்கக் கூடாது. இரண்டாவது, பந்து பறிபோன அடுத்த சில நொடியில் என்ன செய்கிறார்? நிற்கிறாரா, ஓடிவருகிறாரா? மூன்றாவது, அவர் மைதானத்தில் இருக்கும்போது அணி எத்தனை கோல் வாங்குகிறது?

இதற்காக கோலைக் குறைச்சு மதிப்பிட வேண்டாம். பிரிட்டனுக்கு எதிரான அந்த மூன்று கோல் இல்லாமல் இறுதிப் போட்டியே இல்லை. கோல் அடிப்பது அரிய திறமை. ஆனால் அது ஒன்றே திறமை அல்ல.

பாபுவின் கடைசிக் காலம்

பிறகு பாபு பயிற்சியாளர் ஆனார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்தவர் அவரே. தயான்சந்தின் மகன் அசோக் குமார் அந்த அணியில் ஆடினார். 1978 மார்ச் 27-ம் தேதி லக்னோவில் துப்பாக்கி குண்டு பாய்ந்து பாபு உயிரிழந்தார். வயது 56. லக்னோவின் விளையாட்டு அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஸ்டிக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறி எழும்பூர் ஹாக்கி மைதானத்துக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், திரும்பி வந்ததும் எத்தனை கோல் போட்டே என்று மட்டும் கேட்காதீங்க. எத்தனை பந்தைப் பறிச்சே, யாருக்குக் கொடுத்தே என்றும் கேளுங்க. தேர்வுக்கு உட்காருபவர்களும் அதையே கேட்டால், இன்னொரு பாபு பட்டியலில் விடுபட்டுப் போக மாட்டார்.