கருணை உரிமையாகாது

வங்கதேசம் ஆண்டுதோறும் டிசம்பர் 9-ஆம் நாளை ரொக்கேயா நாளாகக் கடைப்பிடிக்கிறது. பெண் கல்விக்கும் பெண்ணுரிமைக்கும் தொண்டாற்றியவர்களுக்கு அன்றைய தினம் அவர் பெயரால் அரசு பதக்கம் வழங்குகிறது. பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற அந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாக அறிமுகமில்லை. ஆனால், அவருடைய புகழ்பெற்ற சிறுகதை முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில், 1905-ஆம் ஆண்டு 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். இலக்கியத் திறனாய்வு என் துறையன்று. எனினும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அதிகாரத்தைப் பேசும் புனைவுகளுள், உழைப்பையும் நேரத்தையும் நடமாட்டத்தையும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட வேறொரு சிறுகதையை நான் படித்ததில்லை. அந்தக் கதையின் முழுப்பொருளும் விளங்க, அதை எழுதியவரின் வாழ்க்கையையும் அறிந்திருக்க வேண்டும்.

ரொக்கேயா 1880-இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியிலுள்ள பாயராபந்த் என்ற ஊரில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால், பெண்களுக்குக் கடுமையான பர்தா. அயலார் வீட்டுப் பெண்கள் விருந்தினராக வந்தால்கூட, ஐந்து வயதுச் சிறுமியான ரொக்கேயா அவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்த தந்தை, மகள்களுக்கு மறை ஓதக் கற்பித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா கரீமுன்னிசா வங்கமொழி நூல்களைத் திருட்டுத்தனமாகப் படித்தது வெளிப்பட்டதும், அவரது படிப்பு நிறுத்தப்பட்டு, இளம் வயதிலேயே திருமணம் செய்து வைக்கப்பட்டது. தங்கைக்கு வாய்த்தது வேறு. வீடு உறங்கிய பிறகு, அண்ணன் இப்ராகிம் சாபர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருக்கு ஆங்கிலமும் வங்கமொழியும் கற்றுக்கொடுத்தார். ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த இரு பெண்களின் கல்வி இவ்வாறு இரு வேறு வழிகளில் சென்றது. அதைத் தீர்மானித்தது அவர்களின் அறிவோ ஆர்வமோ அன்று. வீட்டிலிருந்த ஆண்களின் மனம்.

1898 வாக்கில் ரொக்கேயாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் சையத் சகாவத் ஹுசைன், பிகாரில் பகல்பூரில் துணை மாஜிஸ்திரேட், மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். ஆனால், பரந்த உள்ளம் கொண்டவர். இளம் மனைவியை ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தூண்டினார். அவர் அலுவல் நிமித்தம் இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது, பொழுதுபோக்காக ரொக்கேயா எழுதியதே 'சுல்தானாவின் கனவு'. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்ற பொருள்படக் கூறியதாக ரொக்கேயாவே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

கதைச் சுருக்கம் இதுதான். சாய்வு நாற்காலியில் கண்ணயரும் சுல்தானா, சாரா என்ற தோழியுடன் பெண்ணுலகம் ஒன்றில் உலவுகிறாள். அங்கே தெருவில் ஓர் ஆண்கூட இல்லை. ஆண்கள் வீட்டுக்குள், மர்தானாவில், சமைத்துக்கொண்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். நாட்டை ஆள்பவர் ஓர் அரசி. பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரைப் பெறவும், சூரிய வெப்பத்தைச் சேமிக்கவும் வழி கண்டிருக்கின்றன. அடுப்பில் புகை இல்லை. வயலில் மின்சாரம் உழுகிறது. பயணத்துக்கு வான ஊர்தி. 21 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்பது சட்டம்.

இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதில்தான் ரொக்கேயாவின் கூர்மை இருக்கிறது. அண்டை நாட்டுடனான போரில் ஆண்களின் படை தோற்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவி, தாம் நாட்டைக் காப்பதாக முன்வருகிறார். ஆனால், பெண்கள் வெளியே வர வேண்டுமானால் பர்தா குலையக்கூடாதே. ஆகவே ஆண்கள் அந்தப்புரத்துக்குள் செல்லட்டும் என்கிறார். களைத்துப்போன ஆண்கள் மறுப்பின்றி உள்ளே போகிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைக் குவித்துப் பகைவரை விரட்டுகிறார்கள். பிறகு, உள்ளே போன ஆண்கள் வெளியே விடப்படவே இல்லை. பெண்ணைப் பூட்டி வைக்கச் சொல்லப்பட்ட அதே காரணம், எழுத்துப் பிசகாமல், ஆணைப் பூட்டவும் பயன்பட்டுவிட்டது.

ஒரு பொருளாதார ஆசிரியனாக என்னைக் கவர்ந்தது மற்றோர் இடம். அலுவலக வேலையையும் பெண்களே பார்த்துவிட்டுப் பூத்தையலுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று சுல்தானா வியக்கிறாள். ஆண்கள் பணிநேரத்தின் பெரும்பகுதியைப் புகைப்பதிலும் வெட்டிப்பேச்சிலும் கழித்தார்கள். வீணாக்காவிட்டால் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சாரா விளக்குகிறாள். ஆணின் உழைப்புக்கு மதிப்பு அதிகம் என்ற நம்பிக்கையை ரொக்கேயா கடிகாரத்தைக் கொண்டே உடைத்துவிடுகிறார்.

அதைவிட முக்கியமானது, கதை சொல்லாமல் விட்ட ஒன்று. பெண்ணுலகத்தில் ஆண்கள் கொடுமைப்படுத்தப்படுவதாக ஓரிடத்திலும் இல்லை. அவர்களுக்கு உணவு உண்டு, கூரை உண்டு, பாதுகாப்பு உண்டு. இருந்தும் படிப்பவர் மனம் ஒப்ப மறுக்கிறது. இப்படி அடைத்து வைப்பது அநீதி அல்லவா என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே கதை எழுதப்பட்டிருக்கிறது. நன்றாக நடத்தப்படுவது சுதந்திரத்துக்கு ஈடாகாது என்பதை, பெண்ணை வைத்துச் சொன்னால் அன்றைய சமூகம் ஏற்றிருக்காது. ஆணை வைத்துச் சொன்னபோது விளக்கமே தேவைப்படவில்லை.

நல்ல அண்ணனும் நல்ல கணவரும் அமைந்த ஒரு பெண் இதை எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது. தமக்குக் கிடைத்தது பிறர் கருணை, தம் உரிமையன்று என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கருணை காட்டியவர் மறைந்தால் என்ன ஆகும் என்பதையும் விரைவிலேயே கண்டார்.

பிறந்த இரு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்திருந்த ரொக்கேயா, 1909 மே மாதம் கணவரையும் இழந்தார். பெண்கள் பள்ளிக்கென அவர் விட்டுச்சென்ற 10,000 ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டு பகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பள்ளி தொடங்கினார். ஆனால், கணவரின் முதல் தாரத்து மகள் குடும்பத்தோடு எழுந்த சொத்துத் தகராறு, அந்த ஊரையே விட்டு அவரை வெளியேற்றியது. 1911 மார்ச் 16-இல் கல்கத்தாவில், எட்டு மாணவிகளுடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் தொடங்கியது. தாம் ஒருநாளும் பள்ளி வகுப்பில் அமர்ந்திராதவர் அதை நடத்தினார்.

கனவில் ஆண்களை மர்தானாவுக்குள் அனுப்பியவர், நனவில் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அவர்களது நம்பிக்கை குலையாதிருக்கத் தாமும் பர்தா அணிந்தார். பள்ளி வண்டி காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருந்ததால் சிறுமிகள் இருட்டில் அஞ்சினார்கள். வாந்தி எடுத்து மயங்கினார்கள். அடைப்பை எடுத்துவிட்டுச் சன்னல்களுக்குத் திரை போட்டால், திரை காற்றில் விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. இதைச் சமரசம் என்று குறை கூறுவோர் உண்டு. எனக்கு அது ஒரு கணக்காகவே தெரிகிறது. வண்டிக்குத் திரை போடாவிட்டால் வகுப்பில் மாணவி இல்லை. எட்டுப் பேருடன் தொடங்கிய பள்ளி 1930-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அரசுப் பள்ளியாகக் கொல்கத்தாவில் இன்றும் இயங்கி வருகிறது.

திரை போட்ட கையே அந்தத் திரையின் கொடுமையையும் எழுதியது. 1931-இல் வெளிவந்த 'அபரோத்பாசினி' நூலில் பர்தாவால் நேர்ந்த 47 நிகழ்ச்சிகளை அவர் தொகுத்தார். கணவரின் உறவினரான ஒரு பெண்மணி, கியூல் நிலையத்தில் ரயில் மாறும்போது புர்காவில் கால் சிக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். அந்நிய ஆண்கள் தொடக்கூடாது என்று பணிப்பெண் தடுத்துவிட்டாள். அரை மணி நேரம் காத்திருந்த ரயில், அவர் மீதே ஏறிச் சென்றது.

அதற்கு முன்பே, 1924-இல் வெளிவந்த 'பத்மராகம்' நாவலில் அவர் மேலும் ஓரடி எடுத்து வைத்திருந்தார். சொத்துப் பேரத்தால் முறிந்த திருமண உறவு மீண்டும் கைகூடும் வாய்ப்பு வரும்போது, கதாநாயகி சித்திக்கா அதை மறுத்துவிடுகிறாள். பல மதப் பெண்கள் சேர்ந்து பள்ளியும் தொழிற்கூடமும் நடத்தும் தாரிணி பவனத்தில், தன் உழைப்பில் நிற்கக் கற்றுக்கொண்டவள் அவள். சுல்தானாவின் கதையில் ஆணும் பெண்ணும் இடம் மாறினார்கள். சித்திக்காவின் கதையில் எவரையும் பூட்டி வைக்கும் தேவையே இல்லை. பழிவாங்கலில் தொடங்கிய சிந்தனை, தற்சார்பில் வந்து முதிர்ந்தது.

இன்று நம் பெண்களுக்கு வாக்கு, சொத்து, கல்வி அனைத்தும் சட்டப்படி உரிமைகள். ஆயினும், 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிடுகிறார்கள். மனைவிக்கு 'உதவி' செய்வதாகப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் நல்ல கணவர்கள் பெருகியிருப்பது உண்மைதான். உதவி என்ற சொல்லுக்குள் இன்னும் கருணைதான் இருக்கிறது. பங்கு என்ற சொல் வரவில்லை.

1932 டிசம்பர் 9 அதிகாலையில் ரொக்கேயா மறைந்தார். முந்தைய இரவு அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முற்றுப்பெறாமல் மேசையில் கிடந்தது. அதற்கு அவர் இட்டிருந்த தலைப்பு, பெண்ணின் உரிமை.